எனக்கு அடுத்த ஷிப்ட் அவருக்கு

எனக்குக் கோபம் வந்தால் குரல் உடையாது, கண் கலங்காது. வாய் மட்டும் நீளும். குடும்பநலக் கோர்ட்டில், ஆலோசகர் அறையில் அன்று அதுதான் நடந்தது. மேசைக்கு அந்தப் பக்கம் ஆலோசகர் அம்மா. இந்தப் பக்கம் நான், என் மகளின் அப்பா, சங்கரன்கோவிலில் இருந்து ரயிலேறி வந்திருந்த அவருடைய அக்கா. மகள் வெளியே பெஞ்சில் காலை ஆட்டிக்கொண்டு பிஸ்கட் தின்றுகொண்டிருந்தாள். அப்போது அவளுக்கு ஏழு வயது.

நாங்கள் பிரிவதில் யாருக்கும் சிக்கல் இல்லை. அதைப் பேசிப் பேசி எங்களுக்கே சலித்துவிட்டது. சிக்கல் எல்லாம் பிள்ளை யாரிடம் எப்போது இருப்பாள் என்பதில்தான். வழக்கமாகச் சொல்கிற மாதிரி வாரநாள் அம்மாவிடம், சனி ஞாயிறு அப்பாவிடம் என்று எழுதிவிட்டுப் போக எங்களால் முடியாது. அவர் ஒரகடத்தில் லாரி செய்யும் ஃபேக்டரியில் இருக்கிறார். நான் பிரிந்த கையோடு, அதே ரோட்டில், கார்களுக்கு வயர் கட்டு தயாரிக்கும் ஒரு சின்னக் கம்பெனியில் சேர்ந்துவிட்டேன். இருவருக்கும் ஃபர்ஸ்ட், செகண்ட், நைட் என்று வாரத்துக்கு ஒரு ஷிப்ட். எனக்கு நைட் வருகிற வாரம் பிள்ளையை என்ன செய்வது?

"நான் கூட்டிட்டுப் போறேன்ம்மா," என்றார் அவருடைய அக்கா. "எங்க ஊர்ல நல்ல பள்ளிக்கூடம் இருக்கு. எம் பிள்ளையளோட பிள்ளையா வளரட்டும். இதுக ரெண்டும் மெஷினக் கட்டிக்கிட்டு அழட்டும்."

அவரை நான் அண்ணி என்றுதான் கூப்பிடுவேன். அண்ணி கெட்டவர் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். கெட்டவர் என்றால் சண்டை போட்டு ஜெயித்துவிடலாம். பாசத்தோடு பிள்ளையைக் கேட்பவரை என்ன செய்ய முடியும்?

"அப்பனும் ஆத்தாளும் கல்லு மாதிரி உயிரோட இருக்கசொல்ல, எம் பொண்ணு எதுக்கு அத்த வூட்ல வளரணும்?" என்று நான் கேட்டது வெளியே வராந்தா வரைக்கும் கேட்டிருக்கும்.

ஆலோசகர் அம்மா என்னை அடக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு நிதானமாகச் சொன்னார்: "கோபம் நியாயம்தாம்மா. ஆனா கோபம் குழந்தைக்குச் சோறு போட்டுத் தூங்க வைக்காது. எந்த நேரமும் உங்க ரெண்டு பேர்ல ஒருத்தராவது கூட இருக்கற மாதிரி ஒரு ஏற்பாடு பண்ணுங்க. அடுத்த வாய்தாவுக்குள்ள அது ஓடணும். ஓடலன்னா இவங்க சொல்றதத்தான் நானும் எழுதுவேன்."

என் மகளின் அப்பா அதுவரைக்கும் தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே வந்ததும் அக்காவுக்குத் தெரியாமல், "பிள்ளைய அனுப்ப எனக்கும் மனசில்ல," என்றார். கல்யாணமான இத்தனை வருஷத்தில் நாங்கள் இருவரும் ஒரே விஷயத்தை ஒரே நேரத்தில் விரும்பியது அதுதான் முதல்முறை என்று நினைக்கிறேன். நான் அதை வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

அவர் ஊர்ப் பையன்களோடு தங்கியிருந்த ரூமைக் காலி செய்துவிட்டு, எங்கள் தெருவுக்குப் பின் தெருவிலேயே ஒற்றை அறை பார்த்து வந்தார். அந்த வாரம் அவருக்கு ஃபர்ஸ்ட், எனக்கு செகண்ட். நான் மதியம் வேலைக்குக் கிளம்பினால், பள்ளிக்கூடம் விடும் நேரத்துக்கு அவர் வந்துவிடுவார். மறுவாரம் அவருக்கு செகண்ட், எனக்கு ஃபர்ஸ்ட். மாலை முழுக்க பிள்ளை என்னிடம். இரண்டு வாரமும் ஒரு பிசிறு இல்லாமல் ஓடியது. ஒருவர் வெளியே இருந்தால் மற்றவர் உள்ளே இருப்போம், கணக்கு தானாகச் சேர்ந்துவிட்டது என்று நம்பிவிட்டோம். நான் ஆலோசகர் அம்மாவுக்குப் போன் போட்டு, "ஏற்பாடு ஓடுது மேடம்," என்று பெருமை வேறு அடித்துக்கொண்டேன்.

மூன்றாம் வாரம் தொடங்குவதற்கு முந்தின ஞாயிறு மதியம், பிள்ளையை விடுவதற்காக அவர் வந்தார். அவள் செருப்பைக் கழற்றும் முன்பே, "இந்த வாரம் எனக்கு நைட்டு. நீதான் பாத்துக்கணும்," என்றார்.

"இன்னாது? எனக்கும் நைட்டுதான்."

"அதெப்படி? போன வாரம்தான ஃபர்ஸ்ட்டு பாத்த? அடுத்து செகண்டுதான வரணும்?"

"எங்க கம்பெனில ஃபர்ஸ்ட்டுக்கு அப்புறம் நைட்டுதான்."

இருவரும் வாசலில் வாயைப் பிளந்துகொண்டு நின்றோம். ஷிப்ட் என்றால் இப்படித்தான் சுற்றும் என்று ஒவ்வொருவரும் தன் கம்பெனியை வைத்தே நினைத்திருந்தோம். ஷிப்ட் வேலை பார்ப்பவர்கள் மட்டும்தான் இப்படி ஒரு முட்டாள்தனம் செய்ய முடியும். ஆபீஸ் வேலைக்காரர்கள் என்றால் பயந்துபோய் முதலிலேயே கேட்டிருப்பார்கள்.

அந்த வாரம் பட்ட பாட்டைச் சொல்லி மாளாது. அவர் கொஞ்ச நாள், நான் கொஞ்ச நாள் என்று லீவு போட்டோம். ஒரு நாள் இருவருக்கும் லீவு கிடைக்காமல், மாடி வீட்டு அம்மாவின் கையில் காலில் விழுந்து பிள்ளையைப் படுக்க வைத்தேன். காலையில் போனபோது அவள் என் கையை உதறினாள். பையை மாட்டிக்கொண்டு பள்ளிக்கூட வேனில் ஏறிவிட்டாள். எப்படியோ விஷயம் சங்கரன்கோவிலுக்கும் போய்ச் சேர்ந்தது. "நான் சொல்லல?" என்று அண்ணி போனில் கேட்டார். அடுத்த வருஷத்துக்குப் பள்ளிக்கூடத்தில் சொல்லி வைத்துவிட்டதாகவும் சொன்னார். நான் போனைத் தரையில் அடிக்காமல் வைத்ததே பெரிய விஷயம்.

அன்று மதியம் தூங்கவில்லை. மகளின் கண்ணாடி வளையல்களை எடுத்துத் தரையில் பரப்பினேன். மஞ்சள் ஃபர்ஸ்ட், சிவப்பு செகண்ட், கறுப்பு நைட். மேல் வரிசை மகளின் அப்பாவுக்கு, கீழ் வரிசை எனக்கு. அவருடையது மஞ்சள், சிவப்பு, கறுப்பு என்று போகிறது. என்னுடையது சிவப்பு, மஞ்சள், கறுப்பு. அவர் கம்பெனி ஷிப்டை முன்னால் தள்ளுகிறது, என் கம்பெனி பின்னால் இழுக்கிறது. சரி, நான் வேறு பேட்சுக்கு மாறினால்? கீழ் வரிசையை நகர்த்தி வைத்துப் பார்த்தேன். எப்படி வைத்தாலும் மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஒரே நிறம் மேலும் கீழும் வந்து நின்று என்னைப் பார்த்துச் சிரித்தது. எதிர் எதிராகச் சுற்றும் வரை மோதிக்கொண்டேதான் இருக்கும்.

பிறகு என் வரிசையையும் அவருடையதைப் போலவே முன்னால் போகும்படி அடுக்கினேன். எனக்கு மஞ்சள் என்றால் அவருக்குச் சிவப்பு. எனக்குச் சிவப்பு என்றால் அவருக்குக் கறுப்பு. எனக்குக் கறுப்பு என்றால் அவருக்கு மஞ்சள். எந்த வாரமும் எனக்கு அடுத்த ஷிப்ட் அவருக்கு. எங்கள் கம்பெனியில் ஷிப்ட் மாறுவது அவர் கம்பெனியைவிட ஒரு மணி நேரம் முந்தி. அதாவது நான் வேலை முடித்து பஸ்ஸில் வந்து இறங்கிய பிறகுதான் அவருடைய பஸ் வரும். நடுவில் ஓட்டையே இல்லை! நான் தரையில் உட்கார்ந்தபடியே கைதட்டினேன். ஒரே ஒரு குறை: அதற்கு என் கம்பெனி தன் ஷிப்டைத் திருப்பிச் சுற்ற வேண்டும்.

பைத்தியக்காரி என்று யாரும் சொல்வதற்கு முன்னால் நானே சொல்லிக்கொண்டேன். வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகாதவள் போய், என் பிள்ளைக்காக உங்கள் கம்பெனியைத் திருப்பிப் போடுங்கள் என்று கேட்டால் வாசலைத்தான் காட்டுவார்கள். ஆனால் எங்கள் லைனில் எல்லோருக்கும் ஒரு வயிற்றெரிச்சல் இருந்தது எனக்குத் தெரியும். செகண்ட் ஷிப்ட் முடிகிற வாரத்தின் கடைசியில் ஓ.டி. போட்டுவிட்டால் ஞாயிறும் போச்சு. நள்ளிரவு தாண்டி வீட்டுக்கு வந்து, கண்ணை மூடித் திறப்பதற்குள் ஃபர்ஸ்ட் ஷிப்ட் பஸ்ஸுக்கு ஓட வேண்டும். பின்னால் சுற்றுவதால் வரும் வினை அது. முன்னால் சுற்றினால் ஃபர்ஸ்ட்டுக்கு முந்தின வாரம் நைட்; அது ஞாயிறு காலையிலேயே முடிந்துவிடும், திங்கள் விடியும் வரை தூங்கலாம்.

கேன்டீனில் சாம்பார் சாதத்தை வைத்துக்கொண்டு இதைச் சொன்னேன். எனக்குப் பக்கத்தில், வயர்களை அடுக்கிக் கட்டும் அடுத்த போர்டில் வேலை செய்யும் அக்கா, வல்லத்துக்காரர், எங்கள் லைனில் மூத்தவர், வாய்க்குக் கொண்டுபோன கவளத்தை அப்படியே நிறுத்தினார்.

"இன்னாடி சொல்ற? திருப்பி வுட்டா தூக்கம் வருமா?"

"வரும்கா. எனக்கு இதுல வேற காரியமும் கீது. எம் பொண்ண ஊருக்கு அனுப்பாம இங்கியே வெச்சிக்கலாம்." நான் எதையும் மறைக்கவில்லை. என் காரியத்துக்காக அவர்களை இழுக்கிறேன் என்று பின்னால் தெரிந்து யாரும் பேசக் கூடாது பாருங்கள்.

"உன் காரியம் எங்க காரியம்னு இன்னா? தூக்கம் எல்லாருக்கும்தான் வேணும். வா, இப்பவே போலாம்." அக்கா கையைக் கழுவக்கூட இல்லை என்று இன்றும் எல்லோரும் கிண்டல் செய்வார்கள்.

எங்கள் சூப்பர்வைசர் தேனிப்பக்கத்துப் பையன், தண்டலத்தில் படித்துவிட்டு இங்கேயே வேலைக்குச் சேர்ந்தவர். லைன் பெண்கள் மொத்தமாக வந்து நின்றதைப் பார்த்ததும் அவருக்கு வேர்த்துவிட்டது. யாரோ மயங்கி விழுந்துவிட்டார்கள் என்று நினைத்தாராம். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, "அக்கா, பிளான்ட் முழுக்க இப்படித்தான் ஓடுது. நான் எப்படி மாத்த முடியும்?" என்றார்.

"பிளான்ட்ட வுடுங்க சார். நம்ம லைன மட்டும் ஒரு சுத்து ஓட்டிப் பாருங்க. ஃபர்ஸ்ட் ஷிப்ட் மொத நாளு எத்தினி பேரு வராம போறாங்கன்னு உங்களுக்கே தெரியும். அது கொறையலன்னா பழையபடி மாத்திக்கோங்க, நான் வாயத் தொறக்க மாட்டேன்."

"நீங்க வாயத் தொறக்காம இருப்பீங்களா?" என்றார் அவர். லைனே சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

அவர் நல்ல பிள்ளை. மேலே போய்ப் பேசினார். ஆள் குறைகிற தலைவலி அவருக்கும் இருந்ததுதானே. ஒரு வாரம் இழுத்தடித்து, சோதனைக்காக எங்கள் லைனுக்கு மட்டும் சம்மதம் வாங்கி வந்தார். எந்த ஷிப்டில் தொடங்குவது என்று கேட்டபோது நான் தயாராக இருந்தேன். "ஃபர்ஸ்ட் ஷிப்ட் சார், வர்ற வாரமே." அந்த வாரம் என் மகளின் அப்பாவுக்கு செகண்ட். வளையல்களை அத்தனை முறை அடுக்கிப் பார்த்திருந்தேனே!

செய்தியைச் சொல்லப் பின் தெருவுக்கு நானே நடந்தேன். மகளின் அப்பா லுங்கியோடு கதவைத் திறந்து, நான் சொல்லி முடிக்கும் வரை நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"கம்பெனியவே திருப்பிட்டியா?"

"கம்பெனிய இல்ல. லைன."

"எம்மா!" என்றார். அந்த ஒரு சொல்லில் இருந்த பிரமிப்பை நான் முழுசாக எடுத்து வைத்துக்கொண்டேன். குடித்தனம் நடத்திய காலத்தில் அப்படி ஒன்று கிடைத்திருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காது என்றும் தோன்றியது. ஆனால் அதற்காகத் திரும்பிப் போகிற எண்ணம் எனக்கு ஒருபோதும் வரவில்லை.

ஏற்பாடு ஓடத் தொடங்கியது. ஓடியதில் ஒரு புதுத் தொல்லையும் வந்தது. முன்பெல்லாம் எப்போதாவதுதான் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்போம். இப்போது தினமும் பார்த்தாக வேண்டும். எனக்கு ஃபர்ஸ்ட் என்றால் விடியும் முன்பே அவர் என் வீட்டு ஹாலில் வந்து படுத்துக்கொண்டு, பிள்ளை எழுந்ததும் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவார். எனக்கு நைட் என்றால், காலையில் ஒரகடம் கூட்டு ரோட்டில் என் பஸ் நிற்கும் இடத்தில், தூக்கக் கலக்கத்தில் இருக்கும் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நிற்பார். அவள் என் தோளுக்கு மாறியதும் அவருடைய பஸ் வந்துவிடும். அந்தக் கொஞ்ச நேரம் போதும் எங்களுக்குச் சண்டை போட. "ஏன் எண்ணெய் வைக்கல?" "ஏன் பரோட்டா வாங்கிக் குடுத்தீங்க?" "நீ மட்டும் என்ன கிழிச்ச?" டீக்கடையில் நின்ற இரண்டு கம்பெனி ஆட்களும் கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு எங்களைத்தான் வேடிக்கை பார்ப்பார்கள். பிள்ளை தோளிலேயே கண்ணை இறுக்கி மூடிக்கொள்வாள். தூங்குவதாக நடிக்கிறாள் என்று எனக்குத் தெரியும். அந்த மூடிய கண்ணைப் பார்த்துத்தான் ஒரு நாள் காலையில் எனக்குச் சுரீர் என்றது.

லைனில் ஷிப்ட் மாறும்போது, போகிறவள் வருகிறவளுக்கு ஹேண்டோவர் கொடுப்பாள். போர்டுக்குப் பக்கத்தில் நின்று எது ஓடுகிறது, எது நிற்கிறது, எதைக் கவனிக்க வேண்டும் என்று சொல்வாள். அவ்வளவுதான். ஏன் நின்றது, யார் நிறுத்தியது என்று அங்கே யாரும் கேட்பதில்லை. கேட்டால் லைன் நின்றுவிடும்.

"இனிமே ஹேண்டோவர் மட்டும்தான்," என்று அங்கேயே சொன்னேன். "ஏன்னு கேக்கக் கூடாது. நானும் கேக்க மாட்டேன்."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். ஃபேக்டரி ஆள் இல்லையா, விளக்கம் தேவைப்படவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு தொடங்கினார்: "ரெண்டு இட்லி ஓடிருக்கு. ஏழாம் வாய்ப்பாடு நிக்கி. மேப்பல்லு ஒண்ணு ஆடுது, அதத் தொட்டா கத்துதா. கவனிக்கணும்."

"சரி," என்றேன். அவ்வளவுதான். பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டார். பிள்ளை ஒரு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள், பிறகு இன்னொரு கண்ணையும் திறந்தாள். "நான் என்ன மெஷினா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தாள். கூட்டு ரோட்டில் அத்தனை லாரி ஹாரனுக்கு நடுவில் அந்தச் சிரிப்பைக் கேட்டபோது, எனக்கு அழுகையும் வந்தது, தலைகால் புரியாத சந்தோஷமும் வந்தது.

எண்ணெய் வைக்காத தலையைப் பார்த்தால் இப்போதும் எனக்கு நாக்கு துறுதுறுக்கும், கடித்துக்கொள்வேன். அவரும் எத்தனையோ கடித்துக்கொண்டிருப்பார். லைனிலும் ஃபர்ஸ்ட் ஷிப்ட் முதல் நாளில் ஆள் குறைவது நின்றுவிட்டது. பக்கத்து லைன் பெண்கள் எங்களைப் பார்த்து வயிறெரிந்து, தாங்களும் சூப்பர்வைசரிடம் போய் நின்றார்கள். அக்கா கேன்டீனில் மகாராணி மாதிரி நடந்தார்.

வாய்தா நாள் வந்தது. அதே அறை, அதே நாற்காலிகள். அண்ணி இந்த முறை கையில் ஒரு காலிப் பெட்டியோடு வந்திருந்தார், பிள்ளையின் துணிகளை எடுத்துப்போக. ஆலோசகர் அம்மா எங்களைப் பார்த்து, "என்ன, ஓடுதா?" என்றார்.

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் மகளின் அப்பா பேச ஆரம்பித்துவிட்டார். எப்போதும் தரையைப் பார்க்கிற மனிதர் நிமிர்ந்து உட்கார்ந்து, ஃபர்ஸ்ட், செகண்ட், நைட் என்று விரல் மடக்கிச் சொன்னார். "இவ லைனையே திருப்பி வச்சுட்டாம்மா," என்று சொல்லும்போது அவர் குரலில் இருந்தது பெருமைதான். வேறு எதுவும் இல்லை. நான் தலையை மட்டும் ஆட்டினேன். ஆலோசகர் அம்மா பாதியிலேயே புரிந்துகொண்டார். அவருடைய அம்மா ஆஸ்பத்திரியில் நர்ஸாம், ஷிப்டிலேயே வளர்ந்தவராம். மகளை உள்ளே கூப்பிட்டு, ராத்திரியில் யார் கூட இருக்கிறார்கள் என்று கேட்டார்.

"ஒரு வாரம் அப்பா. ரெண்டு வாரம் அம்மா," என்றாள் அவள். "யாராச்சும் இருந்துக்கினே இருக்காங்க. ஐஸ்கிரீம் ஒளிச்சி சாப்டவே முடியல."

ஆலோசகர் அம்மா பேனாவை எடுத்து எழுதத் தொடங்கினார். அண்ணி பிள்ளையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு, "சரி, லீவுக்காவது வருவியா?" என்று கேட்டார்.

"கண்டிப்பா அனுப்புவேன் அண்ணி," என்றேன், அவள் பதில் சொல்லும் முன்பே. அந்தக் காலிப் பெட்டியை அவர் கையிலிருந்து வாங்கிப் படி இறங்கும் வரை நானே தூக்கி வந்தேன். அதில் ஒரு துணிகூட இல்லாத லேசு என் கைக்கு எவ்வளவு இனித்தது என்று அவருக்குத் தெரிந்திருக்காது.

வெளியே வெயில் கொளுத்தியது. மகளின் அப்பாவுக்கு அன்று நைட், எனக்கு செகண்ட். நான் கம்பெனிக்கு ஓட வேண்டும். ஆனால் கால் நகரவில்லை. வக்கீல்களும் போலீஸ்காரரும் நின்றிருந்த கோர்ட்டு வாசலில், இரண்டு விரலை வாயில் வைத்து, காது கிழிகிற மாதிரி ஒரு விசில் அடித்தேன். அத்தனை தலையும் திரும்பியது. போலீஸ்காரர் என்னை நோக்கி இரண்டு அடி வந்தார். என் மகளின் அப்பா சட்டென்று முன்னால் போய் நின்று, "ஒண்ணுமில்ல சார், எங்க பிள்ள எங்க கூடயே இருக்கப் போறா," என்றார்.